பிப்பின் பணம் யாருடைய பணம்? ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை வாசிக்க உதவும் பின்னணி

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை முதன்முறை வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். அக்காள் கணவரின் கொல்லுப்பட்டறையில் வளர்ந்த பிப் என்ற அநாதைச் சிறுவனை, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் பணம் கொடுத்து லண்டனில் ஜென்டில்மேனாக வாழவைக்கிறார். பீர் ஆலை அதிபரின் மகளான மிஸ் ஹாவிஷாம்தான் அந்தப் புரவலர் என்று பிப் நம்புகிறான். பணம் தந்தவர், சிறுவயதில் தான் உணவு கொடுத்து உதவிய, பின்னர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட மேக்விச் என்ற தண்டனைக் கைதி என்று தெரியவந்ததும் அருவருப்பில் உறைந்துபோகிறான். அதற்குமேல் ஒரு காசும் வாங்க மறுக்கிறான்.

இந்த இடத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. செல்வப் பெண்மணி தந்ததாக நினைத்தவரை இனித்த பணம், ஆடு வளர்த்து உழைத்தவர் தந்தது என்று தெரிந்ததும் கசப்பது ஏன்? அத்தனை ஆண்டுகள் லண்டனில் இருந்தும் பிப் ஒரு வேலையைத் தேடாதது ஏன்? கடைசியில் அந்தச் சொத்து முழுவதும் அரசுக்குப் போய்விடுவது எந்தச் சட்டத்தின்படி? நாவல் இவற்றில் எதற்கும் நின்று நிதானமாக விளக்கம் சொல்வதில்லை. 1860இன் ஆங்கில வாசகருக்கு அந்த விளக்கம் தேவைப்படவும் இல்லை. நமக்குத் தேவைப்படுகிறது, அது கிடைக்காவிட்டால் நாவல் ‘நன்றி மறந்த பையன் திருந்திய கதை’ என்று சுருங்கிவிடும். தேர்வுக்கான பாடக் குறிப்புகள் பல அப்படித்தான் சுருக்கியும் வைத்திருக்கின்றன. ஆனால் இந்நாவல் அக்கறையோடு பின்தொடர்வது வேறொன்றை: ஒவ்வொரு பவுண்டும் யாருடைய உழைப்பில் பிறந்து, யார் கை வழியாகப் போய், யாரை மேன்மக்கள் வரிசையில் உட்கார வைக்கிறது என்பதை.

எழுதப்பட்ட காலம், கதை நடக்கும் காலம்

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். நாவல் அந்த ஆட்சியின் நடுப்பகுதியில், டிக்கன்ஸே நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில், 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 வாரங்கள் தொடராக வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் வாசகர்களைப் பிடிக்காமல் விற்பனை சரிந்ததால், மாதந்தோறும் நிதானமாக வெளியிட எண்ணியிருந்த கதையை டிக்கன்ஸ் வாரத்தொடராகச் சுருக்கி அவசரமாகக் களமிறக்கினார். அத்தியாயங்கள் அளவில் சிறியவையாகவும், முடியும் இடத்தில் ஒரு கொக்கியோடும் இருப்பதற்கு அதுவே காரணம்.

கதை நடப்பதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில். அதாவது விக்டோரியா அரியணை ஏறுவதற்கு முன்பு. கைது செய்ய வரும் வீரர்கள் அரசரின் பெயரால் வருகிறார்கள். பிப்பின் ஊரிலிருந்து லண்டனுக்குக் குதிரை வண்டியில் ஐந்து மணி நேரம் ஆகிறது. ரயில் என்ற பேச்சே இல்லை. கடலோரச் சதுப்பு நிலத்துக்கு அப்பால் பழைய கப்பல்கள் சிறைகளாக நங்கூரமிட்டு நிற்கின்றன.

இந்த இடைவெளி முக்கியமானது. 1860இன் வாசகர் தம் பெற்றோர் தலைமுறையின் கதையைத்தான் வாசித்தார். சிறைக்கப்பல்கள் 1857இல் ஒழிந்துவிட்டன. நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இலேயே நின்றுவிட்டது. நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்தால் மரண தண்டனை என்ற சட்டமும் 1830களில் நீக்கப்பட்டிருந்தது. ‘அந்தக் கொடுமையெல்லாம் பழைய காலத்தோடு போயிற்று’ என்று வாசகர் நிம்மதி கொள்ள இடம் இருந்தது. ஆனால் கதையின் மற்றச் சக்கரங்கள் அன்றும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. கடனுக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது 1869 வரை பெருமளவில் தொடர்ந்தது. கொடுங்குற்றவாளியின் சொத்தை அரசு எடுத்துக்கொள்வது 1870 வரை நீடித்தது. மணமான பெண்ணின் சொத்து கணவனுக்குச் சேரும் என்ற சட்டம் 1870இலும் 1882இலுமாகத்தான் மாறியது. தூரத்துக் காலத்தைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டு, வாசகரின் சொந்தக் காலத்தைத்தான் டிக்கன்ஸ் தொட்டார்.

பவுண்டு, ஷில்லிங், கினி

நாவலில் தொகைகள் மிகத் துல்லியமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை எடைபோடத் தெரியாவிட்டால் பாதிக் கதை கைநழுவிப் போகும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கினி என்பது 21 ஷில்லிங். கினி நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்த பின்னும், கௌரவமான கொடுக்கல் வாங்கல்களைக் கினியில் கணக்கிடும் வழக்கம் மறையவில்லை. பிப்பை அவனுடைய அக்காள் கணவர் ஜோவிடம் தொழில் பழக ஒப்பந்தம் செய்யும்போது மிஸ் ஹாவிஷாம் கொடுப்பது 25 கினி. லண்டனுக்குப் புறப்படும் முன் புதுத்துணி வாங்க வக்கீல் ஜாகர்ஸ் கொடுப்பது 20 கினி.

இருபத்தொரு வயது நிறைந்த அன்று பிப்பின் கையில் 500 பவுண்டு நோட்டு ஒன்று வைக்கப்படுகிறது. இனி ஆண்டுக்கு அதே தொகையில் வாழ வேண்டும் என்று சொல்லப்படுகிறது. இது எவ்வளவு பெரிய தொகை? இன்றைய மதிப்புக்கு மாற்றிச் சொல்வதைவிட, அதே காலத்துக் கூலி ஒன்றோடு ஒப்பிடுவதே தெளிவு தரும். 1824இல், 12 வயதில், டிக்கன்ஸ் லண்டன் ஹங்கர்ஃபோர்டு படித்துறையருகே இருந்த பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்குக் காகிதம் சுற்றி லேபிள் ஒட்டினார். வாரக் கூலி ஆறு ஷில்லிங். ஆண்டு முழுவதும் விடாமல் உழைத்தால் 15 பவுண்டு 12 ஷில்லிங். அந்தக் கூலியில் 500 பவுண்டு சேர 32 ஆண்டுகள் ஆகும். அதே ஆண்டில் அவருடைய தந்தை 40 பவுண்டு 10 ஷில்லிங் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் இருந்தார்.

தொழிற்சாலையில் வேலை செய்ததை டிக்கன்ஸ் வாழ்நாள் முழுவதும் வெளியே சொல்லவில்லை. 1870இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகம் அதை அறிந்தது. தன் கொல்லுப்பட்டறையை லண்டன் நண்பர்களிடம் மறைத்த பிப்பின் கூச்சம் எழுதியவருக்கு அந்நியமானதல்ல.

புத்தகத்தின் விலையிலேயே வர்க்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரப் பத்திரிகையின் விலை இரண்டு பென்ஸ். 36 வாரமும் வாங்கியவருக்கு ஆன செலவு மொத்தம் ஆறு ஷில்லிங். 1861இல் மூன்று தொகுதிகளாகக் கட்டப்பட்டு வந்த பதிப்பின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒன்றரை கினி.

‘ஜென்டில்மேன்’ என்பவர் யார்?

பிப் ஆக விரும்புவது பணக்காரனாக அல்ல, ஜென்டில்மேனாக. இந்தத் தகுதிக்குச் சட்டத்தில் திட்டவட்டமான வரையறை கிடையாது. ஆனாலும் யார் அதற்குள் அடங்குவார், யார் அடங்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடைமுறையில் நான்கு அளவுகோல்கள் இருந்தன.

1. பிறப்பு. நிலவுடைமைக் குடும்பத்திலோ பட்டம் பெற்ற குடும்பத்திலோ பிறந்தவருக்குக் கேள்வியே இல்லை. பிப்போடு படிக்கும் பென்ட்லி டிரம்மிள் முரடன், மந்தபுத்தி உள்ளவன். ஆனால் பேரனட் என்ற பரம்பரைப் பட்டம் ஒன்றுக்கு அடுத்தவருக்கு அடுத்த வாரிசு. அது போதும்.

2. கையால் உழைக்காமல் வரும் வருமானம். நில வாடகை, அரசுக் கடன் பத்திர வட்டி, பரம்பரைச் சொத்து ஆகியவை உயர்வானவை. திருச்சபை, ராணுவம், வழக்கறிஞர் தொழில் போன்ற சில துறைகளும் ஏற்புடையவை. பட்டறை வேலை ஒருபோதும் இல்லை.

3. எந்த வியாபாரம் என்பது. இதை லண்டனில் பிப்பின் அறைத்தோழனான ஹெர்பர்ட் பாக்கெட் அவனுக்கு விளக்கும் பகுதி நாவலின் மிகக் கூர்மையான நகைச்சுவைகளில் ஒன்று. ரொட்டி சுட்டுக்கொண்டு ஒருவர் மேன்மகனாக இருக்க முடியாது. ஆனால் பீர் வடித்துக்கொண்டு எவ்வளவு பெரிய மேன்மகனாகவும் இருக்கலாம். ஏன் என்று தனக்கும் தெரியாது என்கிறான் ஹெர்பர்ட். அப்படியானால் மேன்மகன் மதுக்கடை வைக்கலாமா என்று பிப் கேட்கிறான். கூடவே கூடாது, ஆனால் மதுக்கடை ஒரு மேன்மகனை வைத்துக் காப்பாற்றலாம் என்று பதில் வருகிறது.

4. பேச்சும் பழக்கமும். உச்சரிப்பு, உடை, கை, காலணி. சீட்டாட்டத்தில் ‘நேவ்’ என்று சொல்ல வேண்டிய சீட்டை ‘ஜாக்’ என்று சொன்னதற்காகவும், கை சொரசொரப்பாகவும் பூட்ஸ் முரட்டுத்தனமாகவும் இருப்பதற்காகவும் மிஸ் ஹாவிஷாமின் வளர்ப்பு மகள் எஸ்டெல்லா சிறுவன் பிப்பை ஏளனம் செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

இவற்றுக்கு நேர் எதிரான கருத்து ஒன்றும் அன்று பரவலாக ஒலித்தது. நாவலுக்கு ஓராண்டு முன்பு, 1859இல், சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற நூல் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் எவரும் உயரலாம் என்று வாதிட்டது. உண்மையான ஜென்டில்மேன் யார் என்பதே அதன் கடைசி அத்தியாயம். பிறப்பா, குணமா என்ற இந்த வாக்குவாதத்தின் நடுவே டிக்கன்ஸ் பிப்பை ஒரு சோதனைப் பொருளாக நிறுத்துகிறார். அவனுக்குப் பிறப்பு இல்லை, நிலம் இல்லை, ஒழுக்கமும் குறிப்பிடும்படியாக இல்லை. இரண்டாம் அளவுகோல் மட்டும், அதாவது உழைக்காமல் வரும் பணம் மட்டும், இருக்கிறது. அது போதுமா? போதும் என்றே எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். சொத்துச் செய்தியைக் கேட்ட மறுகணமே தையல்காரர் டிராப் மரியாதையில் குழைகிறார். சிறுவயதில் பிப்பை அதட்டிக்கொண்டே இருந்த பம்பிள்சூக், கை குலுக்க அனுமதி உண்டா என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார்.

அவன் ஏன் வேலை தேடவில்லை என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. அவனுடைய ஆசிரியரான மேத்யூ பாக்கெட்டிடம் ஜாகர்ஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: பிப் எந்தத் தொழிலுக்கும் உரியவன் அல்ல, வசதியான இளைஞர்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் அளவுக்குப் படித்தால் போதும். வேலை தேடியிருந்தால் அவன் ஜென்டில்மேனாக இருக்கும் தகுதியையே ஓரளவு இழந்திருப்பான். சோம்பல் அவனுடைய தனிப்பட்ட குறை என்பதைவிட, அவனுக்கு வகுக்கப்பட்ட பாடத்திட்டம் என்பதே சரி.

ஒரு சாப்பாட்டு மேசை

வர்க்கம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை அறிய, 22ஆம் அத்தியாயத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். லண்டனில் முதல் மாலை. பார்னார்ட்ஸ் இன் என்ற பாழடைந்த விடுதியில் ஹெர்பர்ட்டும் பிப்பும் வேகவைத்த கோழியோடு உட்காருகிறார்கள். தன் பழக்கவழக்கங்களைத் திருத்தும்படி பிப்பே கேட்டுக்கொள்கிறான்.

மிஸ் ஹாவிஷாமின் பழைய கதையை ஹெர்பர்ட் சொல்லத் தொடங்குகிறான். நடுநடுவே, பேச்சு வாக்கில், திருத்தங்களையும் செருகுகிறான். லண்டனில் கத்தியை வாய்க்குள் விடுவதில்லை, அதற்குத்தான் முள்கரண்டி இருக்கிறது. நாப்கினைக் கண்ணாடிக் குவளைக்குள் திணிப்பதில்லை. குவளையின் விளிம்பு மூக்கில் படும்படி தலைகீழாகக் கவிழ்த்து அவ்வளவு நேர்மையாகக் குடித்து முடிக்க வேண்டும் என்று சமுதாயம் எதிர்பார்ப்பதில்லை. திருத்தப்படுகிறோம் என்று உணர்ந்தும் பிப்புக்கு வலிக்கவில்லை. ஹெர்பர்ட்டின் நயம் அப்படி.

இதில் கவனிக்க வேண்டியது, மேசைப் பாடமும் கதையும் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும் விதம். ஹெர்பர்ட் சொல்லும் கதை, பகட்டான ஒருவன் மிஸ் ஹாவிஷாமைக் காதலிப்பதாக நடித்து, பீர் ஆலையில் அவருடைய தம்பிக்கு இருந்த பங்கைப் பெருந்தொகைக்கு அவரையே வாங்கவைத்து, திருமணத்தன்று கைவிட்ட கதை. மணமானால் ஆலை முழுவதும் கணவன் கைக்கு வர வேண்டும் என்பது அவன் சொன்ன சாக்கு. மனைவியின் சொத்து கணவனுடையது என்ற அன்றைய சட்டம் அந்தச் சாக்குக்கு நம்பகத்தன்மை தந்தது. அவனைப் பற்றித் தன் தந்தை சொன்னதை ஹெர்பர்ட் நினைவுகூர்கிறான்: எந்த வார்னிஷும் மரத்தின் ரேகையை மறைக்காது, பூசப் பூச ரேகை இன்னும் தூக்கலாகத் தெரியும். வார்னிஷ் பூசுவது எப்படி என்ற பாடமும், வார்னிஷை நம்பாதே என்ற எச்சரிக்கையும் ஒரே சாப்பாட்டில் பரிமாறப்படுகின்றன. பிப் முதலாவதை மட்டும் கற்றுக்கொள்கிறான்.

அதே உரையாடலில் ஹெர்பர்ட் தன் கனவுகளையும் விரிக்கிறான். இப்போது சம்பளமில்லாமல் ஒரு கணக்கு அலுவலகத்தில் ‘வாய்ப்பு பார்த்துக்கொண்டு’ இருக்கிறான். பின்னாளில் கிழக்கிந்தியாவிலிருந்து பட்டும் வாசனைப் பொருள்களும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும் ரம்மும், இலங்கையிலிருந்து குறிப்பாக யானைத் தந்தமும் வாங்கி விற்கப் போகிறானாம். நம்மவர் வாசிக்கும்போது கண்ணில் உறுத்தும் வரி இது. லண்டன் இளைஞனின் வெகுளித்தனமான பகற்கனவுக்கும் மூலதனம் கடல் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது.

மேக்விச்சின் பணமும் சட்டமும்

பிரிட்டன் 1788 முதல் 1868 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. தண்டனைக் காலத்திலோ விடுதலைக்குப் பின்னோ அவர்களில் சிலர் நிலம் பெற்று, ஆடு வளர்த்து, செல்வந்தரானார்கள். மேக்விச் அப்படிப்பட்டவர்: முதலில் கூலிக்கு ஆடு மேய்த்தார்; எஜமானர் இறக்கும்போது விட்டுச்சென்ற பணத்தை முதலாக்கி வளர்ந்தார். அங்கே சம்பாதிக்கத் தடையில்லை, இங்கே திரும்பத்தான் தடை. ஆயுள் முழுவதற்கும் நாடுகடத்தப்பட்டவர் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தால் தூக்கு. கதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கை நகர்த்துவது இந்தச் சட்டமே. அதன் வேலையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மேக்விச் வந்திருப்பதை அறிந்தவர் எவரும் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் தாமும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டிவரும். எனவேதான் உண்மையை உறுதிப்படுத்திக்கொள்ள வரும் பிப்பிடம் ஜாகர்ஸ் வார்த்தைகளை அளந்து பேசுகிறார். மேக்விச் ‘நேரில் சொன்னார்’ என்று பிப் சொல்லிவிட முடியாது. நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் ஒருவரிடம் நேரில் பேச முடியாதல்லவா என்று ஜாகர்ஸ் மடக்குகிறார். ‘தகவல் கிடைத்தது’ என்றுதான் சொல்லலாம்.

2. பிடிபட்டுத் தீர்ப்பானால் உயிர் மட்டுமல்ல, சொத்தும் போகும். கொடுங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரின் உடைமைகள் அரசுக்குச் சேரும். பிப் இரத்த உறவு இல்லை; கைதுக்கு முன் அவன் பெயருக்கு எந்தப் பத்திரமும் எழுதப்படவில்லை. எனவே அவனுக்கு எந்த உரிமையும் கிடையாது.

3. வக்கீல் குமாஸ்தா வெம்மிக் இதை முன்கூட்டியே கணித்து, எடுத்துச் செல்லக்கூடிய சொத்தையாவது அன்றிரவே கைப்பற்றிக்கொள் என்று பிப்பை எச்சரிக்கிறார். பிப் செய்வதில்லை. போன பணத்துக்காக வெம்மிக் பிறகு உண்மையாகவே வருந்துகிறார்.

இனி, அந்தப் பணம் ஏன் கசந்தது? சட்டத்தின் அச்சம் ஒரு பகுதி. அதைவிட ஆழமான காரணம், மேக்விச் தன் நோக்கத்தைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. காலனியின் செல்வந்தர்கள் குதிரையில் விரைந்து தன்மீது புழுதி வாரி இறைத்துப் போகும்போது, உங்களையெல்லாம்விடச் சிறந்த ஒரு ஜென்டில்மேனை நான் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டதாகக் கூறுகிறார். நான் ஜென்டில்மேன் அல்ல, ஆனால் ஒரு ஜென்டில்மேனுக்குச் சொந்தக்காரன் என்பது அவருடைய பெருமை. பிப் தன்னைச் சுதந்திர மனிதனாக நினைத்திருந்தான். இப்போது தானே ஒருவருடைய உடைமை என்று தெரிகிறது. உழைக்காதவனின் மென்மையான கைகளுக்குப் பின்னால் உழைத்தவரின் கைகள் இருப்பது எல்லாச் செல்வத்துக்கும் பொதுவான செய்தி; மற்றவர்களுக்கு அந்தக் கைகள் கண்காணாத தூரத்தில் இருக்கின்றன, பிப்புக்கு அவை அறைக்குள் வந்து அவனுடைய இரு கைகளையும் பற்றிக்கொள்கின்றன. மிஸ் ஹாவிஷாமின் பீர்ப் பணத்தைவிட இந்த ஆட்டுப் பணம் எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல. அந்த ஆடுகள் மேய்ந்த நிலம் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை நாவல் எங்கும் கேட்பதில்லை. அது வேறு குறை. டிக்கன்ஸுக்கே ஆஸ்திரேலியா பிழைப்புக்கான இடமாகத் தோன்றியது: பின்னாளில் தம் மகன்கள் இருவரை அங்கேதான் அனுப்பினார்.

ஏழும் பதினான்கும்

பணம் இருந்தால் போதும், பழக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 42ஆம் அத்தியாயம் பதில் சொல்கிறது. மேக்விச்சும் கம்பீசன் என்பவனும் ஒரே மோசடி வழக்கில் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். திட்டம் முழுவதும் கம்பீசனுடையது. அவன்தான் மிஸ் ஹாவிஷாமை ஏமாற்றியவனும். சுருள்முடி, கறுப்புடை, வெள்ளைக் கைக்குட்டை, பெரிய பள்ளியில் படித்த பேச்சு. மேக்விச்சோ வக்கீல் வைக்க உடுத்திய துணி தவிர மற்றதையெல்லாம் விற்றவர். ஒருவர் நன்கு வளர்க்கப்பட்டவர், மற்றவர் எப்படி வளர்ந்தவர் என்பதைக் கண்ணாலேயே பிரித்தறியலாம் என்று கம்பீசனின் வக்கீல் வாதிடுகிறார். தீர்ப்பு: கம்பீசனுக்கு ஏழு ஆண்டு, மேக்விச்சுக்குப் பதினான்கு. (ஆயுள் முழுவதற்குமான நாடுகடத்தல், சிறைக்கப்பலிலிருந்து தப்பியதற்காகப் பின்னர் வந்தது.)

ஜென்டில்மேனாகத் தோன்றுவதன் மதிப்பு ஏழு ஆண்டுச் சிறை என்று மேக்விச் அன்று கணக்கிட்டுக்கொண்டார் என்றே வாசிக்க வேண்டும். ஒரு சிறுவனுக்கு அந்தத் தோற்றத்தை வாங்கிக் கொடுக்க அவர் வாழ்நாளைச் செலவிட்டது வெறும் நன்றியுணர்வால் மட்டுமல்ல.

எஸ்டெல்லாவின் பிறப்பு இந்த வாதத்தின் மறுபாதி. பிப்பைத் தாழ்ந்தவன் என்று முதலில் உணர்த்தியவள், கடைசியில் மேக்விச்சுக்கும், கொலைக் குற்றச்சாட்டிலிருந்து ஜாகர்ஸால் விடுவிக்கப்பட்டு அவர் வீட்டிலேயே பணிப்பெண்ணாக இருக்கும் மாலிக்கும் பிறந்த மகள் என்று தெரியவருகிறது. நாவலின் ஜென்டில்மேன், சீமாட்டி இருவருமே ஒரே கைதியிடமிருந்து வந்தவர்கள். இந்தத் தற்செயல் செயற்கையானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை உண்மைதான்; ஆனால் வாதத்துக்கு வேண்டிய செயற்கை அது.

சொல்பவன் எந்தப் பிப்?

கதையைச் சொல்வது நடுவயதுப் பிப். கதைக்குள் நடமாடுவது இளம் பிப். இருவரையும் பிரித்து வாசிக்காதவர்களுக்கு நாயகன் மீது எரிச்சல் மட்டுமே மிஞ்சும். ஜோ லண்டனுக்கு வரும் 27ஆம் அத்தியாயத்தைப் பார்க்கலாம். பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயமாகக் கொடுத்திருப்பேன் என்று சொல்பவர் மூத்த பிப். அப்படி நினைத்தவன் இளையவன். ஜோ, தான் வளர்த்த பையனை ‘சார்’ என்று அழைக்கிறார்; கணப்பு மேடையின் விளிம்பில் வைத்த தொப்பி விழுந்துகொண்டே இருக்கிறது. கிளம்பும்போது, ஒருவன் இரும்புக் கொல்லன், ஒருவன் பொற்கொல்லன், இப்படிப் பிரிவுகள் வரத்தான் செய்யும் என்று தன் தொழில்மொழியிலேயே வர்க்கத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இளம் பிப்புக்கு அந்தச் சொற்களின் கண்ணியம் சற்றுத் தாமதமாகவே உறைக்கிறது. எழுந்து வெளியே ஓடித் தேடும்போது ஜோ போய்விட்டிருக்கிறார்.

பின்னர் 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ் நகைக்கடைக் கடனுக்காகப் பிப்பைக் கைது செய்ய ஆள் வரும்போது, அவன் காய்ச்சலில் கிடக்கிறான். அந்தக் கடனைத் தீர்ப்பவர் ஜோ. சொல்லிக்காட்டாமல் ரசீதை ஒரு சிறு கடிதத்தோடு வைத்துவிட்டு விடியுமுன் ஊருக்குப் புறப்படுகிறார். கடைசியில் பிப்பைக் கடன் சிறையிலிருந்து காப்பாற்றியது பட்டறைப் பணம்.

உயர ஆசைப்படுவது குற்றமா?

நாவல் அப்படிச் சொல்லவில்லை. பிடி என்ற ஏழைப் பெண் படித்து, புதுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு முயல்கிறாள். எழுத்தறியாத ஜோ அவளிடம் எழுதக் கற்கிறார். ஹெர்பர்ட்டின் வியாபார ஆசை நிறைவேறுகிறது. இவர்களில் எவரையும் நாவல் கண்டிக்கவில்லை. மறுபுறம், பிறப்புப் பெருமையால் எதுவும் செய்யத் தெரியாமல் வளர்ந்த, ஹெர்பர்ட்டின் தாய் திருமதி பாக்கெட், பட்டங்களைப் பற்றிய புத்தகத்தில் மூழ்கியிருக்க, குழந்தைகள் அவர் காலடியில் தடுக்கி விழுகின்றன. டிரம்மிள் எஸ்டெல்லாவை மணந்து கொடுமைப்படுத்தி, குதிரை ஒன்றை வதைத்ததன் விளைவான விபத்தில் சாகிறான். கண்டனம் விழுவது ஆசையின் மீதல்ல. தன் செலவை யார் சுமக்கிறார் என்று கேட்காமல் இருக்கும் வசதியின் மீது.

இரண்டு முடிவுகள், ஒரு வருமானம்

டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், டிரம்மிளின் மரணத்துக்குப் பின் எஸ்டெல்லா ஒரு மருத்துவரை மணந்திருக்கிறாள். லண்டன் தெருவில் பிப்பைத் தற்செயலாகச் சந்தித்துப் பிரிகிறாள். நண்பரும் எழுத்தாளருமான எட்வர்டு புல்வர் லிட்டன் வற்புறுத்தியதால் அதை மாற்றி, மிஸ் ஹாவிஷாமின் இடிந்த வீட்டின் தோட்டத்தில் இருவரையும் சேர்த்து நிறுத்தும் முடிவை எழுதினார். பழைய முடிவை ஃபார்ஸ்டர் தம் வரலாற்றில் வெளியிட்டார். எது சிறந்தது என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. முதல் முடிவே நாவலின் போக்குக்கு நேர்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆனாலும் அந்த விவாதம் வாசகர்களின் கவனத்தைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு முடிவிலிருந்து திருப்பிவிடுகிறது.

எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் பிப் சம்பாதிப்பது ஒரே இடத்தில்: கெய்ரோவில் கிளை வைத்திருக்கும் கிளாரிக்கர் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஆண்டுகள் கழித்து மூன்றாவது பங்குதாரராகிறான். நிறுவனம் பெரிதல்ல, நல்ல பெயர் உண்டு, உழைத்துத்தான் லாபம் பார்த்தோம் என்று எழுதுகிறான். அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது ஹெர்பர்ட் அங்கே பங்குதாரராக இருந்ததால். ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் அந்தப் பங்கை வாங்கித் தந்தவன் பிப். நாவல் முழுவதிலும் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவன் கருதுவதும் அதையே. முதல் தவணையாக அவன் கட்டியது, இருபத்தொரு வயதில் வந்த 500 பவுண்டில் பாதி, அதாவது மேக்விச்சின் பணம். மீதியைக் கட்டக் கைதியின் பணத்தைத் தொட மனமில்லாமல் மிஸ் ஹாவிஷாமிடம் கேட்டு வாங்கியது 900 பவுண்டு, அதாவது பீர் ஆலைப் பணம். தன் உழைப்பில் பிழைக்கிறேன் என்று பிப் சொல்லும் அந்த நாற்காலிக்கு அடியில் இந்த இரண்டு தொகைகளும் இருக்கின்றன; மூத்த பிப் அவற்றை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறான்.